எரிவாயு கிரில் அடுப்பு: இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜூலை மாதம் 4-ஆம் நாள் அமெரிக்கர்களின் விடுதலைத் திருநாள். அன்று மாலை அந்நாட்டு வீடுகளின் கொல்லைப்புறங்களிலிருந்து இறைச்சி வாட்டும் மணம் எழும். குடும்பமும் நண்பர்களும் கூடி, திறந்த வெளியில் அடுப்பு மூட்டி, கம்பித் தட்டின் மேல் இறைச்சித் துண்டுகளையும் கோழியையும் சோளக் கதிரையும் வாட்டி உண்பது அங்கே நெடுநாளைய வழக்கம். இந்த அடுப்புக்குக் 'கிரில்' என்று பெயர். முன்னாளில் அதில் கரி எரிந்தது. இன்று பல வீடுகளில் வாயு எரிகிறது.

நம் வீட்டு எரிவாயு அடுப்புக்கும் கிரில்லுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் அடுப்பில் நெருப்பு பாத்திரத்தைச் சூடாக்குகிறது; பாத்திரம் உணவைச் சூடாக்குகிறது. கிரில்லில் பாத்திரம் கிடையாது. நெருப்பின் வெப்பம் நேரடியாக உணவைச் சென்றடைய வேண்டும். அது எந்த வழியில் சென்றடைகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் அமெரிக்கக் கடையில் விலை உயர்ந்த இரண்டு கிரில்கள் அருகருகே நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கிரில்லில் துளையிட்ட குழாய் பர்னர்கள்; அவற்றின் மேல் உலோகத் தகடுகள். அட்டையில் 60,000 பி.டி.யு. என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டாவது கிரில்லில் பற்றவைத்தவுடன் செந்நிறமாக ஒளிரும் பீங்கான் ஓடுகள். அதன் அட்டையில் 36,000 பி.டி.யு. என்றிருக்கிறது. பெரிய எண் உள்ளதை வாங்குவதா? ஒளிர்வதை வாங்குவதா? நன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், இவ்விரண்டும் எப்படித் தோன்றின என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

விளக்கிலிருந்து அடுப்புக்கு

எரிவாயு மனிதன் வீட்டுக்குள் நுழைந்தது சமைப்பதற்காக அன்று, வெளிச்சத்திற்காக. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரெட்ருத் என்னும் ஊரில் இருந்த வில்லியம் மர்டாக் 1792-இல் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவால் தம் வீட்டில் விளக்கேற்றினார். அதே வாயுவைக் கொண்டு சமைக்கலாம் என்று நார்தாம்ப்டன் நகரத்து ஜேம்ஸ் ஷார்ப் 1826-இல் ஓர் அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1841-இல் லண்டனில் திறக்கப்பட்ட ரிஃபார்ம் கிளப்பின் புதிய சமையலறையில், புகழ்பெற்ற சமையற்காரர் அலெக்சிஸ் சோயர் எரிவாயு அடுப்புகளை அமைத்தார்.

ஆயினும் அக்காலச் சுடரில் ஒரு குறை இருந்தது. வாயு மட்டும் வெளியே வந்து காற்றைத் தேடிப் பிடித்து எரிந்ததால், முழுவதும் எரியாத கரித்துகள்கள் சுடரில் தங்கி மஞ்சளாக ஒளிர்ந்தன. விளக்குக்கு இது நல்லது. அடுப்புக்கு நல்லதன்று, பாத்திரமெல்லாம் கரி படியும்.

இக்குறையைத் தீர்த்தது நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ட புன்சன் அடுப்பு. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் புன்சன், கருவிகள் செய்வதில் வல்லவரான பீட்டர் தெசாகாவின் துணையுடன் 1855-இல் இதை உருவாக்கினார். சிறு துளை வழியாக வேகமாகப் பாயும் வாயு, பக்கவாட்டுத் துளைகளின் வழியே காற்றைத் தானாகவே உள்ளிழுத்துக்கொள்கிறது. இரண்டும் குழாயில் நன்றாகக் கலந்து, அதன் பிறகே எரிகின்றன. சுடர் நீலமாகிறது, கரி படிவதில்லை, வெப்பம் மிகுகிறது. இன்று உலகில் உள்ள எரிவாயு அடுப்புகளும் மேலே சொன்ன இரண்டு கிரில்களும் இந்தத் தத்துவத்தின் வாரிசுகளே.

உருளைக்குள் அடைந்த வாயு

குழாய் வழியே வரும் வாயு, குழாய் போகும் இடத்திற்கு மட்டுமே போகும். கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டுமானால் எடுத்துச் செல்லத்தக்க வாயு தேவை. அதற்கு வழி பிறந்தது 1910-இல். அமெரிக்கச் சுரங்கத் துறையில் பணியாற்றிய வேதியியலார் வால்ட்டர் ஸ்னெல்லிங், கார்களில் ஊற்றும் பெட்ரோல் ஏன் அவ்வளவு விரைவாக ஆவியாகி வீணாகிறது என்று ஆராயப் புகுந்தார். தப்பிச் செல்லும் ஆவிகளுள் புரொப்பேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டார். அவற்றைப் பிரித்து, அழுத்தி, திரவமாக்கி உருளைகளில் அடைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

புரொப்பேனின் கொதிநிலை -42° செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை -0.5° செல்சியஸ். நம் நாட்டுச் சமையல் சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கின்றன; நம் தட்பவெப்பத்தில் இரண்டும் எளிதில் ஆவியாகும். பனி உறையும் அமெரிக்கக் குளிரில் பியூட்டேன் திரவமாகவே கிடந்துவிடும். ஆகவே அங்கே கிரில்களுக்குப் பெரும்பாலும் புரொப்பேனையே தருகிறார்கள். வழக்கமான சிலிண்டரில் 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோ புரொப்பேன் இருக்கும்.

கொல்லைப்புறத்தில் நெருப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க நகரங்களின் புறத்தே தனி வீடுகளும் புல்வெளிகளும் பெருகின. வெளியில் சமைக்கும் பழக்கமும் பெருகியது. திறந்த கரியடுப்பில் காற்றும் சாம்பலும் தொல்லை கொடுத்தன. சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கும் உலோக மிதவைகளைச் செய்யும் தொழிலில் இருந்தவர். கோள வடிவ மிதவையைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 1952-இல் அதன் ஒரு பாதியை அடுப்பாக்கி, மறு பாதியை மூடியாக்கி, காற்றுத் துளைகளும் கால்களும் பொருத்தினார். மூடி வந்ததால் அடுப்பு ஒரே நேரத்தில் வாட்டும் கருவியாகவும் சூளையாகவும் ஆயிற்று. கீழேயிருந்து வரும் வெப்பத்தோடு, உள்ளே சுழலும் வெப்பக் காற்றும் உணவை எல்லாப் பக்கமும் சூழ்ந்து வேகவைத்தது.

கரிக்குப் பதில் வாயுவைப் பயன்படுத்தும் முயற்சிகள் 1950-களிலும் 1960-களிலும் பல இடங்களில் நடந்தன. சிகாகோ வட்டாரத்திலும் ஆர்கன்சா மாநிலத்திலும் இருந்த நிறுவனங்கள் இப்பெருமைக்கு உரிமை கொண்டாடுகின்றன. நோக்கம் எல்லோருக்கும் ஒன்றே. கரி தணலாக அரைமணி நேரம் ஆகும். வாயுவோ குமிழைத் திருகியதும் எரியும்.

ஆனால் வாயு அடுப்பில் ஒரு பெருங்குறை தெரிந்தது: கரியில் வாட்டிய சுவை வரவில்லை. அந்தச் சுவையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் தணலில் விழுந்து புகையாகி, மேலே எழுந்து இறைச்சியிலேயே படிவதால் வருகிறது. ஆகவே வாயுச் சுடருக்கு மேலே எரிமலைக் கற்களைப் பரப்பினார்கள். சுடர் கல்லைச் சூடாக்கும். கொழுப்பு கல்லில் விழுந்து புகையும். சுவை கிடைத்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. நுண்துளைகள் நிறைந்த அக்கற்கள் கொழுப்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, திடீரென்று பற்றி எரிந்தன.

இது உணவு கருகுவதோடு நிற்கும் செய்தியன்று. கரித் தணலில் வாட்டிய இறைச்சியில் பென்சோபைரீன் முதலிய வேதிப்பொருள்கள் படிவதை லிஜின்ஸ்கி, ஷூபிக் என்ற ஆய்வாளர்கள் 1964-இல் வெளியிட்டார்கள். பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கொழுப்பு பற்றி எரிந்து எழும் சுடரும் புகையும் உணவை நக்கும்போது இவை மிகுதியாகப் படிகின்றன. ஆக, சொட்டும் கொழுப்பை என்ன செய்வது என்பதே கிரில் செய்பவரின் முதன்மைச் சிக்கல் ஆயிற்று.

இரு விடைகள்

இச்சிக்கலுக்கு இரண்டு விடைகள் பிறந்தன. நம் இரண்டு கிரில்களும் இவ்விரு விடைகளே.

முதல் விடை 1985-இல் வெபர் நிறுவனம் வெளியிட்ட 'ஜெனிசிஸ்' கிரில். அதில் கற்களை நீக்கிவிட்டு, கூரை போல் இருபுறமும் சரிந்த உலோகத் தகடுகளைப் பர்னர்களுக்கு மேல் வைத்தார்கள். சொட்டும் கொழுப்பில் ஒரு பகுதி சூடான தகட்டில் பட்டுப் புகையாகிறது. மீதி ஓட்டு வீட்டுக் கூரையில் மழைநீர் வழிவது போல் வழிந்து, சுடருக்கு அப்பால் கீழேயுள்ள தட்டில் சேர்கிறது. இவ்வகையில் உணவு பெரும்பாலும் வெப்பச் சலனத்தால், அதாவது மேலெழும் சூடான வாயுக்களால் வேகிறது.

இரண்டாவது விடை வேறொரு தொழிலிலிருந்து வந்தது. தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பில் பெஸ்ட் என்பவர் 1960-களில் பீங்கான் பர்னர்களை உருவாக்கினார். கார்களுக்கு அடித்த வண்ணப்பூச்சை விரைந்து உலர்த்த அவை பயன்பட்டன. பீங்கான் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கும். காற்றும் வாயுவும் கலந்து அவற்றின் வழியே வந்து, ஓட்டின் மேற்பரப்பிலேயே எரியும். ஓடு செந்தணல் போல் ஒளிர்ந்து அகச்சிவப்புக் கதிர்களை வீசும். 1980-களில் இம்முறை கிரில்லுக்கு வந்தது. காப்புரிமைக் காலம் 2000-ஆம் ஆண்டு முடிந்தபின் வேறு பல நிறுவனங்களும் இதைக் கையாளத் தொடங்கின. கொழுப்பு இதில் விழுந்தால், மிகுந்த வெப்பத்தால் நொடியில் ஆவியாகிவிடும்.

அகச்சிவப்புக் கதிரைக் கண்டவர் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல். 1800-இல் அவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் வெப்பநிலை ஏறியது. சூடான பொருள் எவ்வளவு கதிர்வீசும் என்பதை 1879-இல் ஆஸ்திரிய அறிஞர் யோசெப் ஸ்டெபான் கண்டார்; அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் 1884-இல் அதைக் கொள்கைவழி நிறுவினார். கதிர்வீச்சின் அளவு, தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி.

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். தகட்டின் வெப்பநிலை 350° செல்சியஸ், அதாவது 623 கெல்வின் என்று கொள்வோம். பீங்கான் ஓட்டின் வெப்பநிலை 900° செல்சியஸ், அதாவது 1173 கெல்வின். இரண்டின் விகிதம் 1.88. இதனை நான்கு முறை பெருக்கினால் 12-க்குச் சற்று மேல் வருகிறது. ஒரே பரப்புள்ள தகட்டைவிட ஓடு ஏறத்தாழ 12 மடங்கு கதிர்வீச்சைத் தருகிறது!

அட்டையில் உள்ள எண்

இப்போது பி.டி.யு. எண்ணுக்கு வருவோம். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யு.; ஏறத்தாழ 1055 ஜூல். கிரில் அட்டையில் இருப்பது உண்மையில் 'மணிக்கு இத்தனை பி.டி.யு.' என்பதாகும். 'மணிக்கு' என்ற சொல்லைப் பேச்சுவழக்கில் விட்டுவிடுகிறார்கள். 60,000 என்றால் ஏறத்தாழ 17.6 கிலோவாட், 36,000 என்றால் 10.5 கிலோவாட்.

இந்த எண் எதை அளக்கிறது என்று கேளுங்கள். எல்லாப் பர்னர்களையும் முழுமையாகத் திறந்தால் எவ்வளவு வாயு செலவாகும் என்பதையே அது அளக்கிறது. உணவுக்குப் போய்ச் சேரும் வெப்பத்தை அன்று. ஒரு பவுண்டு புரொப்பேன் ஏறத்தாழ 21,500 பி.டி.யு. தரும். 20 பவுண்டு சிலிண்டரில் 4,30,000. முதல் கிரில் அதை 7 மணி நேரத்தில் தீர்த்துவிடும். இரண்டாவதற்கு 12 மணி நேரம் வரும்.

சரி, பெரிய எண் உள்ள கிரில் அதிகச் சூடாவது இருக்குமல்லவா? அதற்குத் தட்டின் பரப்பையும் பார்க்க வேண்டும். முதல் கிரில்லின் தட்டு 800 சதுர அங்குலம், இரண்டாவதன் தட்டு 480 சதுர அங்குலம் என்று கொள்வோம். எண்ணைப் பரப்பால் வகுத்தால் இரண்டுக்கும் 75-தான்! பெரிய எண் பெரிய அடுப்பைக் குறித்ததேயன்றிக் கடுமையான வெப்பத்தைக் குறிக்கவில்லை. சம அளவு வாயுவை எரித்தாலும், சூடான காற்றாக மேலே தப்பிப் போவது எவ்வளவு, கதிராக உணவில் பாய்வது எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

இறைச்சிக்குள் நடப்பது

'கடும் வெப்பத்தில் மேற்பரப்பைப் பொரித்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும்' என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். இக்கருத்தைப் பரப்பியவர் சாதாரணமானவர் அல்லர். ஜெர்மானிய வேதியியல் மேதை லீபிக், 1847-இல் எழுதிய நூலில். பின்னாளில் இறைச்சியை எடைபோட்டுச் சோதித்தவர்கள் இது சரியன்று என்று காட்டினார்கள். பொரித்த மேற்பரப்பிலிருந்தும் சாறு வெளியேறிக்கொண்டேதான் இருக்கிறது.

அப்படியானால் கடும் வெப்பத்தால் பயன் என்ன? நிறமும் மணமும் சுவையும். புரதப் பொருள்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை, பிரெஞ்சு அறிஞர் மையார் 1912-இல் விளக்கினார். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பநிலை 100° செல்சியஸைத் தாண்டாது; ஈரம் உலர்ந்த பிறகே இவ்வினை விரைவு பெறும். நம் வீட்டுத் தோசை ஓரம் பொன்னிறமாவதும் இதே வினையால்தான். பீங்கான் கிரில் மேற்பரப்பின் ஈரத்தை விரைவில் போக்குவதால், உள்ளே அதிகம் வேகுமுன்பே வெளியே பழுப்பு நிறம் வந்துவிடுகிறது.

ஆனால் உட்புறத்துக்கு வெப்பம் செல்வது கடத்தலால் மட்டுமே. 1822-இல் ஃபூரியே எழுதிய வெப்பக் கொள்கையிலிருந்து நமக்குத் தெரிவது இது: தடிமன் இரு மடங்கானால், வெப்பம் நடுப்பகுதியை எட்ட ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். எந்த விலை கொடுத்து வாங்கிய கிரில்லும் இதை மாற்ற முடியாது. முழுக் கோழியைச் செந்தணல் ஓட்டின் மேல் வைத்தால், வெளியே கரியும் உள்ளே பச்சையுமாகத்தான் இருக்கும். கதிர் நேர்கோட்டில் செல்வது. தன்னை நோக்கிய பக்கத்தையே சுடும். முழுக் கோழிக்கு ஏற்றது மூடியிட்ட குழாய் பர்னர் கிரில்லில் ஓரங்களை மட்டும் எரியவிட்டு, நடுவில் கோழியை வைத்து, சூடான காற்று நாற்புறமும் சூழ மெல்ல வேகவிடுவதே. கோழியின் நடுப்பகுதி 74° செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மூடியில் பதித்த வெப்பமானியும் மூடியருகே உள்ள காற்றையே அளக்கிறது. இறைச்சியில் குத்தும் வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும்.

உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம்

எல்லாவற்றுக்கும் மேலானது பாதுகாப்பு. 1937 மார்ச் 18-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கட்டடத்தின் அடியில் கசிந்து நிறைந்திருந்த இயற்கை வாயுவை ஒரு பொறி பற்றவைத்துவிட்டது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். வாயுவுக்கு மணம் இல்லாததால் கசிவை எவரும் உணரவில்லை. அதன் பின்னரே எரிவாயுவுடன் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் வந்தது. பிற இடங்களும் அதைப் பின்பற்றின. புரொப்பேனில் எதில் மெர்காப்டன் கலக்கிறார்கள். நம் சமையலறையில் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் ஓர் எச்சரிக்கை மணி.

கிரில்லுக்கும் தனிப் பாடங்கள் உண்டு. ரப்பர் குழாய் அறுந்தால் வாயுப் பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும் அமைப்பும், இணைப்பில் கசிவைத் தடுக்கும் அமைப்பும் 1995 அக்டோபர் முதல் செய்யப்பட்ட அமெரிக்க கிரில்களில் கட்டாயமாயின. சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் ஏறாமல் தடுக்கும் மிதவை வால்வு இல்லையென்றால், 2002 ஏப்ரல் முதல் மீண்டும் நிரப்ப மறுத்தார்கள். மீதி இடம் எதற்கு? வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும் அல்லவா!

இன்னொரு எதிரி சிலந்தி. மாதக்கணக்கில் பயன்படுத்தாத பர்னர் குழாயில் அது வலை பின்னிவிட்டால், வாயு வழி மாறிப் பின்புறமாக வந்து குமிழ்களின் அடியில் எரியக்கூடும். பருவத்தின் தொடக்கத்தில் குழாயைத் துடைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படியும். கார் நிறுத்தும் கொட்டகையிலோ வீட்டுக்குள்ளோ கிரில்லை மூட்டவே கூடாது. அங்கே சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் கிடையாது.

எதை வாங்குவது?

இனி விடை சொல்லலாம். மெல்லிய இறைச்சித் துண்டுகளையும் மீனையும் விரைந்து வாட்டி உண்பவர்களுக்குப் பீங்கான் கிரில் ஏற்றது. வாயுச் செலவும் குறையும். ஆனால் அதன் அருகிலேயே நிற்க வேண்டும். ஒரு நிமிடம் தவறினால் கருகிவிடும். அதைத் தணித்து மெல்ல எரியவிடுவது கடினம். சூடான ஓட்டில் குளிர்நீர் பட்டால் விரிசல் காணும். முழுக் கோழியும் பெரிய துண்டங்களும் காய்கறிகளும் சமைக்கும் பெரிய குடும்பத்துக்குக் குழாய் பர்னர் கிரில்லே நல்லது. சில கிரில்களில் குழாய் பர்னர்களோடு ஒரே ஒரு பீங்கான் பர்னரும் சேர்ந்து வருகிறது. இரு விடைகளையும் ஒன்றாகப் பெற விரும்புவோர் அதைப் பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் உலோகத்தைச் சோதியுங்கள். 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருவேறா எஃகின் வழிவந்த வகைகள் பல. நாம் எவர்சில்வர் என்கிறோமே, அதுவே. 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் உள்ள 304 வகை, உப்பையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். நிக்கல் இல்லாத 430 வகை மலிவானது, விரைவில் துருப்பிடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும். ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். 430 வகையில் காந்தம் பற்றென்று ஒட்டும்; 304 வகையில் பெரும்பாலும் ஒட்டாது. முக்கியமாகப் பர்னரிலும் கம்பித் தட்டிலும் ஒட்டிப் பாருங்கள். மூடி மட்டும் உயர்ந்த எஃகாக இருந்து பயனில்லை.

அயல்நாட்டிலிருக்கும் உங்கள் அண்ணனோ அக்காளோ கிரில் வாங்கப் போவதாகக் கடிதம் எழுதினால், பெரிய எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணைத் தட்டின் பரப்பால் வகுக்கச் சொல்லுங்கள். காந்தத்தையும் சோப்பு நீரையும் நினைவூட்டுங்கள். நீங்கள் இங்கிருந்தபடியே உங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்து, பர்னரில் எங்கே காற்று நுழைகிறது, சுடர் எங்கெல்லாம் நீலமாக இருக்கிறது, எங்கே மஞ்சள் தட்டுகிறது என்று கவனியுங்கள். மஞ்சள் மிகுதியாகத் தெரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டிய நாள் வந்துவிட்டது என்று பொருள்.